ஒட்டி நிற்கும் இரண்டு கோயில்கள்: ஆக்ஸ்பர்க்கில் ஆறு நாள்

முதல் நாள், ஆகஸ்ட் 3

மியூனிக்கிலிருந்து ஆக்ஸ்பர்க் வந்து சேர ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் மகள் மியூனிக்கில் படிக்கிறாள். அவளுடைய விடுமுறையை ஒட்டித்தான் இந்தப் பயணத்தை வைத்துக்கொண்டேன். "அத்தை, ஆக்ஸ்பர்க் இல்லை, அவுக்ஸ்புர்க்" என்று வண்டியிலேயே திருத்தினாள். சரிதான். ஆனாலும் தமிழில் படித்துப் பழகிய பெயர் மாறமாட்டேன் என்கிறது, ஆக்ஸ்பர்க் என்றே எழுதுகிறேன்.

பைகளை அறையில் போட்டுவிட்டு மாக்ஸிமிலியான் தெருவின் தெற்குக் கோடிக்கு நடந்தோம். நான் இந்த ஊருக்கு வந்ததே அந்தத் தெருமுனையைப் பார்க்கத்தான். அங்கே இரண்டு கோயில்கள் இருக்கின்றன. பின்னால் இருப்பது பெரியது, வெங்காயத்தைக் கவிழ்த்தது போன்ற பச்சை முடியோடு 90 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அது புனித உல்ரிக், அஃப்ரா பேராலயம், கத்தோலிக்கக் கோயில். அதன் காலடியில், தெருவைப் பார்த்த மாதிரி, ஒரு சின்னக் கோயில். அதன் பெயரும் உல்ரிக்தான். அது லூத்தரன் கோயில், மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டண்டுகளுடையது. ஒரு காலத்தில் பெரிய மடத்தின் பிரசங்க மண்டபமாக இருந்த இடம், லூத்தர் வழியினர் போப்பின் சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு அவர்களிடம் வந்தது. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே கட்டடம் போலத்தான் தெரியும்.

உல்ரிக் பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊர் ஆயர். போப்பாண்டவர் முறைப்படி புனிதர் என்று அறிவித்த முதல் ஆள் அவர்தான், ஆண்டு 993. புனிதர்களிடம் வேண்டுவது கூடாது என்று சொன்ன சபையும் தன் கோயிலுக்கு அவர் பெயரையே வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. சண்டை எவ்வளவு முற்றினாலும் ஊர்ப் பெரியவரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்புகளை எழுத முடியாது. என் அம்மா ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். அப்பா சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட் சபை. பாளையங்கோட்டையில் அவர்கள் கல்யாணம் நடந்தபோது இரண்டு வீட்டிலும் பந்தலுக்கு வராதவர்கள் இருந்தார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா அதில் ஒருவர். பிறகு எப்படியோ ஒரு கணக்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு அம்மா கோயில், அடுத்த ஞாயிறு அப்பா கோயில். ஆண்பிள்ளை பிறந்தால் அப்பா சபையில் ஞானஸ்நானம், பெண்பிள்ளை என்றால் அம்மா சபையில். அதனால் அண்ணன் சி.எஸ்.ஐ., நான் ஆர்.சி. நாங்கள் இந்தக் கணக்கைப் பெரிதாக நினைத்ததில்லை. இதே கணக்கை ஒரு நகரமே போட்டு வாழ்ந்திருக்கிறது என்று பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான், போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கோயில் வாசலிலிருந்தே அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன்.

"ஏட்டி, அங்கயும் ரெண்டு கோயிலா? ஒட்டுனாப்லயா கட்டிருக்கான்?"

"ஆமாம்மா, சுவரோட சுவர்."

"பெரிய கோயில்ல எனக்கு ஒரு மெழுகுதிரி ஏத்து. சின்னக் கோயில்ல அப்பாவுக்கு ஒரு பாட்டு பாடிட்டு வா."

மெழுகுதிரி ஏற்றிவிட்டோம். சின்னக் கோயில் அதற்குள் பூட்டியாகிவிட்டது.

இரண்டாம் நாள், ஆகஸ்ட் 4

காலையில் புனித அன்னாள் கோயில். 1518 அக்டோபரில் மார்ட்டின் லூத்தர் இங்கே இருந்த கார்மேல் மடத்தில்தான் தங்கினார். போப்பாண்டவரின் தூதராக வந்த கர்தினால் காயெத்தான், பக்கத்தில் ஃபுக்கர் குடும்பத்தின் மாளிகையில் அவரை விசாரித்தார். எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. லூத்தர் சொல்லவில்லை. கைது செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் நண்பர்கள் ஓர் இரவில் அவரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள்.

இந்தக் கோயிலில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது லூத்தரின் நினைவுக் காட்சி இருக்கும் படிக்கட்டு இல்லை, மேற்குக் கோடியில் இருக்கும் ஃபுக்கர் சிற்றாலயம். யாக்கோப் ஃபுக்கர் அந்தக் காலத்து ஐரோப்பாவின் பெரும் பணக்காரர். புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தேர்தலுக்கே கடன் கொடுத்தவர். மைன்ஸ் பேராயர் அவரிடம் வாங்கிய கடனை அடைக்கத்தான் பாவமன்னிப்புப் பத்திரங்கள் விற்ற பணத்தில் பாதி போனது. லூத்தர் கொதித்தெழுந்தது அந்த விற்பனையைக் கண்டுதான். அப்படிப்பட்ட கத்தோலிக்க வணிகரின் கல்லறை இன்று ஒரு லூத்தரன் கோயிலுக்குள் இருக்கிறது. அவர் கட்டும்போது அது கத்தோலிக்க மடக் கோயில். அவர் 1525 டிசம்பர் கடைசியில் இறந்தார், அதே சமயத்தில் கோயில் சீர்திருத்தத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. இத்தனை சண்டைக்கு நடுவிலும் யாரும் அவரைத் தோண்டி எடுத்து வெளியே போடவில்லை.

அங்கிருந்து பேராலயத்துப் பக்கம் ஃப்ரோன்ஹோஃப் என்ற முற்றம். ஆயர் மாளிகை இருந்த இடம். 1530 ஜூன் 25 அன்று இங்கேதான் பேரரசர் சார்லஸ் முன்னால் லூத்தரன் பிரபுக்களும் நகரங்களும் தங்கள் விசுவாச அறிக்கையை வாசித்துக் காட்டினார்கள். எழுதியவர் லூத்தரின் சகா மெலாங்டன். லூத்தர் மேல் தடை இருந்ததால் அவர் வரமுடியாமல் கோபுர்க் கோட்டையில் காத்திருந்தார். சாக்ஸனி நாட்டின் அதிகாரி கிறிஸ்டியான் பையர் அதை ஜெர்மன் மொழியில் வாசித்து முடிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. உலகத்து லூத்தரன் சபைகள் எல்லாம் இன்றும் அந்த அறிக்கையின் மேல்தான் நிற்கின்றன, தரங்கம்பாடி மிஷனிலிருந்து வளர்ந்த நம்மூர் லூத்தரன் சபையும் உட்பட. அங்கே நின்றபோது வீரமாமுனிவர் ஞாபகம் வந்தார். இந்த முற்றத்தில் தொடங்கிய வாதம் இருநூறு வருஷம் கழித்துக் காவிரிக்கரை வரை வந்து, அவரும் தரங்கம்பாடி லூத்தரன் போதகர்களும் ஒருவரை ஒருவர் மறுத்துத் தமிழ் உரைநடையில் எழுதிக்கொள்ளும் அளவுக்குப் போயிருக்கிறது.

பேரரசர் அறிக்கையை ஏற்கவில்லை. யுத்தம் வந்தது. கடைசியில் 1555 செப்டம்பர் 25 அன்று இதே ஊரில் ஓர் உடன்படிக்கை. எந்த நாட்டுக்கு யார் பிரபுவோ அவர் மதமே அந்த நாட்டின் மதம் என்று பள்ளியில் படித்திருப்போம். பிற்காலச் சட்ட அறிஞர்கள் அதைச் சுருக்கி அப்படி ஒரு வாசகம் செய்தார்கள். பிடிக்காதவர் சொத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறலாம். இன்று கேட்டால் கொடுமையாகத் தெரியும். கட்டையில் வைத்து எரிப்பதற்குப் பதிலாக மூட்டை கட்டிக்கொண்டு போக அனுமதித்தது அந்தக் காலத்தில் ஒரு பெரிய படி என்றுதான் நான் நினைக்கிறேன். புராட்டஸ்டண்டுகளிலேயே வேறு பிரிவுகளான கால்வின் வழியினருக்கும் மறுஞானஸ்நானக்காரர்களுக்கும் அந்த உரிமைகூட இல்லை. இரண்டு மதத்தாரும் ஏற்கெனவே கலந்து வாழும் நகரங்களில் இரண்டும் அப்படியே தொடரட்டும் என்று ஒரு பிரிவும் அதில் இருந்தது. ஆக்ஸ்பர்க்கின் கதை அந்தப் பிரிவில்தான் தொடங்குகிறது.

மாலையில் ஃபுக்கெராய். 1521-ல் அதே ஃபுக்கர் ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பு. வருஷ வாடகை இன்றும் 88 சென்ட். குடியிருப்பவர் ஆக்ஸ்பர்க்காரராக, வறியவராக, கத்தோலிக்கராக இருக்க வேண்டும், நாளுக்கு மூன்று ஜெபம் சொல்ல வேண்டும். அழகான மஞ்சள் வீடுகள், வாசலுக்கு வாசல் மணியிழுக்கும் கைப்பிடி வேறு வேறு வடிவில். இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீட்டைக் கண்டுபிடிக்கலாம்.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் 5

நகர மன்றத்தின் பொன் மண்டபத்துக்குப் போனோம். மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது. 1944 குண்டுவீச்சில் எரிந்துபோனதை அப்படியே திரும்பச் செய்திருக்கிறார்கள். கட்டடத்தை எழுப்பியவர் எலியாஸ் ஹோல், நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர், லூத்தரன். 1615-ல் தொடங்கி 1620-ல் வெளிக்கட்டு முடிந்தது. பத்து வருஷம் கழித்து, கத்தோலிக்கத் திருப்பலிக்கு வர மாட்டேன் என்றதற்காக அதே மன்றம் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது.

அது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் நாட்காட்டிச் சண்டையைச் சொல்ல வேண்டும்.

1582-ல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தி பத்து நாளை விட்டுவிட்டார். வானியல் கணக்குப்படி அது சரி. ஆக்ஸ்பர்க் மன்றத்தில் கத்தோலிக்கர் கை ஓங்கியிருந்த நேரம் அது. சுற்றிலும் உள்ள பவேரியாவும் ஆயரின் ஊர்களும் புதுக் கணக்குக்கு மாறிவிட்டன, சந்தையும் வியாபாரமும் நடக்க வேண்டும் என்று மன்றம் 1583-ல் அதை ஏற்றது. ஊரில் பெரும்பான்மையாக இருந்த புராட்டஸ்டண்டுகள் மறுத்தார்கள். சூரியன் எங்கே இருக்கிறது என்று யாரும் வாதாடவில்லை. இன்றைக்குப் போப் நாளைக் குறிக்க விட்டால் நாளைக்குப் பிரசங்கத்தையும் குறிப்பார் என்பதுதான் பயம். 1584 ஜூனில் அவர்களுடைய தலைமைப் போதகர் கியோர்க் ம்யூல்லரை வண்டியில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். ஜனங்கள் வழிமறித்து அவரை விடுவித்தார்கள், ஆயுதங்களோடு மன்றத்தை நோக்கித் திரண்டார்கள். ஒரு நாட்காட்டிக்காக ஊர் உள்நாட்டுப் போரின் விளிம்புவரை போய்த் திரும்பியது. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் நாடுகள் புது நாட்காட்டிக்கு மாற 1700 வரை ஆனது. அதுவரை ஒரே நாட்டில் பக்கத்து ஊருக்குப் போனால் தேதி பத்து நாள் முன்னே பின்னே இருக்கும்.

பிறகு முப்பதாண்டுப் போர். 1629 மார்ச்சில் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், புராட்டஸ்டண்டுகள் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்துகளை எல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று ஆணை போட்டார். அந்த வருஷம் ஆகஸ்ட் 8 அன்று ஆக்ஸ்பர்க்கின் லூத்தரன் போதகர்கள் வேலை நீக்கப்பட்டார்கள். இனி பிரசங்கம் கூடாது. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் இதற்குத் திரும்ப வருவோம்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1632 ஏப்ரலில் ஸ்வீடன் அரசர் குஸ்டாவ் அடோல்ஃப் படையோடு வந்தார். மன்றம் முழுக்கப் புராட்டஸ்டண்ட் ஆனது, ஹோலுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. 1634-ல் ஸ்வீடன் படை நோர்ட்லிங்கனில் தோற்றது. பேரரசர் படை ஆக்ஸ்பர்க்கைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டது. 1635-ல் ஊர் பணிந்தது. மன்றம் திரும்பக் கத்தோலிக்கர் கைக்கு, ஹோல் திரும்ப வீட்டுக்கு. போருக்கு முன் 45,000 பேர் அளவில் இருந்த ஊரில் அந்த வருஷம் மிஞ்சியவர்கள் 16,000 பேர் அளவில்தான்.

யார் கையில் துப்பாக்கி இருந்ததோ அவர் கையில் பிரசங்க மேடை. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பக்கம் நியாயம், அந்தப் பக்கம் அநியாயம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பட்டினியில் செத்தவர்களில் இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் இருந்தார்கள்.

மன்றத்திலிருந்து நடந்து அன்னாள் கோயிலை ஒட்டிய முற்றத்துக்குப் போனோம். இப்போது அங்கே ஒரு காபிக் கடை, மர நிழலில் மேசைகள். 1635 முதல் பதினான்கு வருஷம் ஆக்ஸ்பர்க்கின் லூத்தரன்கள் கோயில் இல்லாமல் இந்தத் திறந்த முற்றத்தில்தான் ஆராதனை நடத்தினார்கள். பனிக்காலத்திலும் இங்கேதான். பதினான்கு குளிர்காலம். ஒரு குழந்தை ஞானஸ்நானம் பெற்று வளர்ந்து கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும் வயசாகும் வரை அதற்குக் கோயில் என்றால் கூரை இல்லாத இடம். காபி ஆறிப்போனது, குடிக்க மனசு வரவில்லை.

1648-ல் முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை வந்தது. ஹோல் இரண்டு வருஷம் முன்பே கண்ணை மூடிவிட்டார். ஆக்ஸ்பர்க்குக்கு அதில் தனியாகவே ஒரு ஏற்பாடு: எல்லாம் சரிபாதி. நகரத் தலைவர் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மதம். மன்றத்தில் சம எண்ணிக்கை. பதவி ஒற்றைப்படையில் இருந்தால் வருஷத்துக்கு வருஷம் மாறி மாறி. யார் எண்ணிக்கையில் அதிகம் என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. அப்போது புராட்டஸ்டண்டுகள்தான் அதிகம். பின்னால் சுற்றுக் கிராமங்களிலிருந்து கத்தோலிக்கர் குடியேறி அவர்கள் அதிகமானார்கள். கணக்கு மாறவில்லை. 1806-ல் பவேரியா இந்த ஊரை எடுத்துக்கொள்ளும்வரை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

நான்காம் நாள், ஆகஸ்ட் 6

டோனாவ்வோர்த். ரயிலில் அரை மணி நேரம். டான்யூபும் வோர்னிட்ஸும் சேரும் இடத்தில் சின்ன ஊர், வண்ண வண்ண முகப்புகளோடு ஒரு அகலத் தெரு. சுற்றுலாக்காரர் கூட்டம் குறைவு.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஊர் கிட்டத்தட்ட முழுக்க லூத்தரன், மன்றமும் அவர்களுடையது. நடுவில் கத்தோலிக்கத் திருச்சிலுவை மடம் ஒன்று. மடத்துத் துறவிகள் பவனி போகலாம், ஆனால் ஊருக்குள் கொடியைச் சுருட்டிக்கொண்டு சந்து வழியாகத்தான் போக வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. 1606 ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளில் அவர்கள் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். பக்கத்து ஔக்ஸெஸ்ஹைம் கிராமத்துக்குப் போய்த் திரும்பும்போது அடி விழுந்தது. கொடிகள் கிழிந்தன. அடுத்த வருஷமும் கலவரம். பேரரசர் நகரத்தின் மேல் தண்டனை அறிவித்தார், அதை நிறைவேற்றும் வேலையைப் பக்கத்துப் பவேரியக் கோமகன் மாக்ஸிமிலியானிடம் கொடுத்தார். 1607 டிசம்பரில் அவர் படையோடு வந்து ஊரைப் பிடித்தார். படைச் செலவை ஊர் கட்ட வேண்டும் என்றார். கட்ட முடியாத தொகை. ஊர் அவரிடமே தங்கிவிட்டது, மதமும் மாறியது.

நம்மூரில் பவனி எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று தகராறு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் இந்தத் தெருச் சண்டை எங்கே போய் நின்றது தெரியுமா? இன்று ஒரு நகரம், நாளை நாமா என்று பயந்து புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் 1608-ல் ஔஹௌஸன் மடத்தில் கூடி ஒரு படைக்கூட்டு அமைத்தார்கள். 1609-ல் கத்தோலிக்கப் பிரபுக்கள் மாக்ஸிமிலியான் தலைமையில் பதில் கூட்டு. இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு காத்திருந்த வீட்டில்தான் 1618-ல் ப்ராக் நகரத்திலிருந்து முப்பதாண்டுப் போரின் நெருப்பு வந்து விழுந்தது.

மடத்துக் கோயில் இப்போது பரோக் அலங்காரத்தில் வெள்ளையும் பொன்னுமாக இருக்கிறது. வெளியே வந்து அந்தச் சந்துகளில் ஒன்றில் நடந்து பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் உரசும். கொடியை விரிக்க இடமே இல்லை. "இதுக்குப் போயா?" என்றாள் மருமகள். எனக்குப் பதில் வரவில்லை. என் தாத்தாவும் ஒரு பந்தலுக்கு வராமல் இருந்தவர்தான்.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 7

உல்ம் வழியாக பீபராஹ். வழியில் ஒரு ரயிலைத் தவறவிட்டதால் மதியம்தான் போய்ச் சேர்ந்தோம்.

இங்கே புனித மார்ட்டின் கோயில் ஒன்றுதான். 1548-லிருந்து கத்தோலிக்கரும் லூத்தரன்களும் அதே ஒரு கோயிலைப் பகிர்ந்துகொண்டு வழிபடுகிறார்கள். ஒருவர் முடித்துப் போனதும் அடுத்தவர் வருவார். நடுக்கூடம் இரண்டு பேருக்கும் பொது, பலிபீடம் இருக்கும் உள்கூடம் கத்தோலிக்கருக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் யோஹன்னஸ் ஸிக் என்ற ஓவியர் கூரையை வரைய வந்தபோது, நடுக்கூடத்துக் கூரையில் இரண்டு பக்கமும் ஏற்கும் இயேசுவின் வாழ்க்கையை வரைந்தார், கத்தோலிக்கத் திருச்சபையைப் போற்றும் படங்களை உள்கூடத்தோடு நிறுத்திக்கொண்டார். ஒரே கூரையில் எந்த இடத்தில் யார் மனம் புண்படும் என்று அளந்து தூரிகை வைத்திருக்கிறார். நான் பார்த்த ஓவியங்களிலேயே மிகவும் பொறுமையான ஓவியம் இதுதான்.

இந்த ஊருக்கும் 1648-ல் சரிபாதி ஏற்பாடு வந்தது. ராவென்ஸ்பூர்க், டிங்கெல்ஸ்பூல், ஆக்ஸ்பர்க், பீபராஹ் என்று அப்படிப்பட்ட நகரங்கள் நான்கு. மேயரும் இரண்டு, நாடகக் குழுவும் இரண்டு. ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு விலையும் இருந்தது. கவிஞர் கிறிஸ்டோஃப் மார்ட்டின் வீலாண்ட் இந்த ஊர் லூத்தரன் போதகரின் மகன். 1760-ல் நகர அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இது எந்த மதத்துக்குரிய பதவி என்ற தகராறில் அவரை நிரந்தரமாக்கவே நான்கு வருஷம் இழுத்தது. அதைவிட வலித்தது வேறு ஒன்று. கத்தோலிக்கப் பெண் கிறிஸ்டினே ஹோகெலை அவர் விரும்பினார். கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் வழி விடவில்லை. அவர்களுக்குப் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1765-ல் அவர் ஆக்ஸ்பர்க் வணிகர் ஒருவரின் மகளை மணந்தார், முறைப்படி அவர் மதத்துப் பெண்தான்.

கோயிலைப் பகிர்ந்தார்கள், கூரையைப் பகிர்ந்தார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை. ஆக்ஸ்பர்க்கிலும் அப்படித்தான். லூத்தரன் பொற்கொல்லர்கள் கத்தோலிக்கக் கோயில்களுக்கு நற்கருணைப் பாத்திரம் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரைக் கேட்டாலே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். கலப்பு மணம் மட்டும் அபூர்வம். அன்பு வந்தபிறகு சமாதானம் என்று காத்திருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. முதலில் கணக்கு போட்டார்கள். அது போதாது என்பது ஹோகெல் போன்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் பாளையங்கோட்டையில் என் வீட்டை நிறுத்தியதும் அந்த மாதிரிக் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு முதலில் வந்தது, தாத்தா வீட்டுப் படி ஏறியது பல வருஷம் கழித்து. கணக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆறாம் நாள், ஆகஸ்ட் 8

இன்று ஆக்ஸ்பர்க்கில் விடுமுறை. இந்த ஒரு நகரத்தில் மட்டும்! ஊர் எல்லையைத் தாண்டினால் கடைகள் திறந்திருக்கும், உள்ளே எல்லாம் அடைப்பு. சமாதானப் பெருவிழா என்று பெயர். 1950 முதல் சட்டப்படியான விடுமுறை, விழா அதைவிட முந்நூறு வருஷம் மூத்தது.

1650-ல் முதல் விழாவைக் கொண்டாடியவர்கள் லூத்தரன்கள். உடன்படிக்கை கையெழுத்தான நாள் அக்டோபர் 24. அதை அவர்கள் எடுக்கவில்லை. 1629-ல் தங்கள் பிரசங்க மேடையைப் பறிகொடுத்த ஆகஸ்ட் 8-ஐ எடுத்தார்கள். பறிபோன நாளையே நன்றி சொல்லும் நாளாக்கிவிட்டார்கள். பழிவாங்கும் நாளாக ஆக்கியிருக்கவும் முடியும், அதற்கு வேண்டிய ஞாபகங்கள் ஏராளமாக இருந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் செப்புத்தகட்டில் அச்சிட்ட சமாதானப் படம் ஒன்றைக் கொடுத்தார்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை. திறந்த முற்றத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற பெற்றோரின் பிள்ளைகள் கையில் அந்தப் படம்.

நெடுங்காலம் இது ஒரு பக்கத்து விழாவாகவே இருந்தது. கத்தோலிக்கரும் சேர்ந்துகொண்டது நம் காலத்தில், 1980-களில்தான். 1999 அக்டோபர் 31 அன்று அன்னாள் கோயிலில் வத்திக்கான் சார்பில் கர்தினால் காஸிடியும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் தலைவர் கிறிஸ்டியான் க்ரௌஸேயும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். மனிதன் இறைவன் முன் நீதிமானாவது எப்படி என்ற கேள்வியின் அடிப்படையில் இனி நமக்குள் சண்டையில்லை என்றார்கள். லூத்தர் ஒரு வார்த்தை சொல்ல மறுத்து ஓடிப்போன அதே இடத்தில், 481 வருஷம் கழித்து.

நகர மன்றத்தின் முன் சதுக்கம் முழுக்க நீள நீள மேசைகள் போட்டிருந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் இருப்பவரோடு பகிர வேண்டும், அதுதான் வழக்கம். விடியற்காலை எழுந்து விடுதிச் சமையலறையில் எலுமிச்சை சாதம் கிளறியிருந்தோம். கறிவேப்பிலை கிடைக்கவில்லை, வேர்க்கடலை நிறையப் போட்டோம். எங்கள் எதிரில் ஒரு துருக்கியக் குடும்பம், திராட்சை இலையில் சோறு சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வயதான உள்ளூர் அம்மா, உருளைக்கிழங்கு சாலட். சின்ன வயசில் தெருவில் மாற்று மதத்துப் பிள்ளைகளோடு விளையாடக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள் என்றார். மாற்று மதம் என்றால் கத்தோலிக்கர். சாதத்தை இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார்.

மாலை வெயில் இறங்கியதும் உல்ரிக் கோயில்களுக்குப் போனோம். சின்னக் கோயில் இன்று திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. அப்பா வீட்டு ஜெபத்தில் எப்போதும் பாடும் பாமாலைப் பாட்டை எடுத்தேன். அதுவும் ஜெர்மன் மண்ணில் பிறந்த பாட்டுதான். தரங்கம்பாடி, சென்னை மிஷனரிகள் இப்படிப் பல பாட்டுகளைத் தமிழாக்கினார்கள், அவை பிற சபைகளுக்கும் பரவின. ஆர்.சி.யாக வளர்ந்த எனக்கு அப்பா பாடக் கேட்டுத்தான் பாடம். தடுமாறிய இடங்களில் மருமகள் எடுத்துக் கொடுத்தாள். கோயில் சின்னது என்றாலும் குரல் நன்றாகச் சுற்றி வந்தது.

வாசலுக்கு வந்து அம்மாவை அழைத்தேன்.

"பாடியாச்சாட்டி?"

"ஆச்சும்மா."

"எத்தனை சரணம் பாடுன?"

"மூணு."

"அப்பா நாலும் பாடுவாங்க."

அழைப்பைத் துண்டிக்காமலே திரும்ப உள்ளே போய் நாலாவதையும் பாடிவிட்டு வந்தோம்.